சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்

நான் வேலை கேட்டு வந்தவன் இல்லை, அண்ணாச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் காவல் இருக்கிற இந்தக் கம்பெனி வாசலில் தினமும் எத்தனையோ பேர் வந்து நிற்பார்கள், என் முகத்தைப் பார்த்ததும் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். வேலையெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, எனக்கு இல்லை, என் மகளுக்கு. கடிதம் இந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு தேதி. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ராத்திரி வண்டியில் ஊருக்குப் போய்விடுவேன்.

பத்து மணிக்குத்தான் உள்ளே ஆள் வருவார்களா? பரவாயில்லை. இந்த நாற்காலியில் உட்காரலாமா? நன்றி. உங்களுக்கு விளாத்திகுளம் பக்கமா? அப்படித்தான் நினைத்தேன். பேச்சிலேயே தெரிந்தது.

என் பெயர் கோமதிநாயகம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் குறிக்க வேண்டும், மைக்கில் அறிவிக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே வேலை. ஆறு பத்து வண்டி என்றால் ஆறு பத்துக்கு அதன் சக்கரம் உருள வேண்டும். உருளவில்லை என்றால் காரணம் எழுத வேண்டும். டயர், பிரேக், டிரைவர் வரவில்லை, பாதையில் மறியல். காரணம் இல்லாமல் ஒரு வண்டியை நிறுத்திவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் இந்தக் கம்பெனி என் மகளை ஆறு மாதத்துக்கு மேலாக நிறுத்திவைத்திருக்கிறது.

போன வருடம் தை மாதம் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள், ஆறு பேரை எடுத்தார்கள். அந்த ஆறில் ஒருத்தி எங்கள் உலகேஸ்வரி. வீட்டில் ஈஸ்வரி என்று கூப்பிடுவோம். பரீட்சை முடிந்து ஜூலை பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு வந்து சேர வேண்டும் என்று கடிதம். ஒன்பதரை என்று நேரம்கூடப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு இந்தக் கம்பெனியைப் பிடித்துவிட்டது.

நான் பெருமையடிக்கிறவன் இல்லை. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டில்தானே இருக்கிறார்கள்? ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொல்ல நேரம் ஏது? அதனால் மைக்கில் சொன்னேன்.

சிரிக்காதீர்கள். ஒரே ஒரு தடவைதான். "மதுரை செல்லும் பயணிகள் இரண்டாவது நடைமேடைக்கு வரவும். மேலும் ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு. நமது நேரக் காப்பாளர் கோமதிநாயகம் அவர்களின் புதல்வி உலகேஸ்வரி வருகிற ஜூலை பதினான்காம் தேதி சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் பணியில் சேர இருக்கிறார்." நானே என்னை 'அவர்கள்' என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான். மற்றபடி ஒரு பிழை கிடையாது. கிளை மேலாளர் அதற்கு ஒரு மெமோ கொடுத்தார். மெமோவில் ஈஸ்வரியின் பெயர் சரியாக எழுதியிருந்ததால் அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரி செண்பகம் மட்டும் அன்று சாப்பாடு போடும்போது சொன்னாள். "உங்களுக்கு வாயி ஒன்னு போதாதுன்னு அரசாங்கம் மைக்கும் குடுத்திருக்கு."

ஜூன் இருபத்தெட்டாம் தேதி கம்பெனியிலிருந்து ஈமெயில். சேரும் தேதி செப்டம்பர் ஒன்றுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஆகஸ்டில் இன்னொன்று. நவம்பர் பத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் இதோ இந்த நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன், பாருங்கள். காரணம் என்ற இடத்தில் 'தொழில் தேவைகள்' என்று இருக்கிறதா? ஒரு வண்டியை ரத்து செய்துவிட்டுக் காரணம் 'தொழில் தேவைகள்' என்று நான் எழுதினால் என்னை விடுவார்களா? நவம்பர் ஆறாம் தேதி வந்ததுதான் பெரிய ஈமெயில். சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும். அவ்வளவுதான். தேதியே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நான் பட்ட பாடு இருக்கிறதே! அந்தோணிசாமி என்று ஒரு கண்டக்டர், தென்காசி வண்டி. டைம் அட்டையில் கையெழுத்து வாங்க வருவான். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? "என்ன டைமு, உங்க வீட்டு வண்டி இன்னும் டிப்போலயேதான் நிக்குதா? டீசல் போட்டாச்சா?" என்பான். அவன் போனால் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டியில் இறங்கிய ஓர் அம்மா, முன்னே பின்னே பார்த்ததில்லை, நேரே என் கவுண்டருக்கு வந்து, "ஏங்க, மைக்குல சொன்னீங்களே, அந்தப் புள்ள போயிருச்சா?" என்று கேட்கிறது.

அதனால் வேறு வழியில்லாமல் ஒரு சின்ன மாற்றம் சொன்னேன். பயிற்சி ஆரம்பித்துவிட்டது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் நடக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை, அண்ணாச்சி. நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொன்னேன். ஈஸ்வரியிடமும், "பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வராதே, எங்கே போனாலும் பின்தெரு வழியாகப் போ" என்று சொல்லிவைத்தேன். என் மகள் தங்கம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

டீ சொல்லட்டுமா? இல்லை, நீங்கள் இருங்கள், நான் சொல்கிறேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் இன்னொரு வேலை வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். அங்கே ஒரு மில். எந்தச் சரக்கு எந்தப் பெட்டியில், எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். மேனேஜர் தங்கப்பழம் என்று ஒருவர். ஈஸ்வரி சும்மா இருக்கிறோமே என்று மூன்று நாள் போய் உதவினாள். நாலாம் நாள் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை சேரலாம், சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

நான் பிள்ளைகள் விஷயத்தில் தலையிடுகிற அப்பா இல்லை. உட்காரவைத்துப் பொறுமையாக இரண்டையும் எடைபோட்டோம். ஒரு பக்கம் சென்னை, பதினான்கு மாடி, லிஃப்ட், கழுத்தில் அட்டை. இன்னொரு பக்கம் சத்திரப்பட்டி, தகரக் கூரை, பஞ்சுத் தூசி. சம்பளத்தில் பாதிக்குப் பாதி வித்தியாசம். ஈஸ்வரி சொன்னாள், "அப்பா, அங்க தேதியே இல்லையே."

நான் எனக்குத் தெரிந்த விதத்தில் விளக்கினேன். "எக்ஸ்பிரஸ் வண்டி வரும்னு அறிவிச்சாச்சு. லேட்டா வருதுன்னு யாராவது டவுன் பஸ்ல ஏறுவாங்களா?"

"எவ்வளவு நேரம் லேட்டுன்னு தெரியாட்டி ஏறுவாங்கப்பா."

"ஏறக் கூடாது. அடுத்த அறிவிப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

செண்பகம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க அப்படி அறிவிச்ச அன்னிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டே காலியாத்தான் கெடக்கும். நான் காய்கறி வாங்க வர்றப்ப பாத்திருக்கேன்" என்றாள்.

இவளிடம் நான் நிர்வாகம் பேச முடியுமா? கடைசியில் ஈஸ்வரியிடம் தெளிவாகச் சொன்னேன். "முடிவு உன்னுடையதும்மா. நான் குறுக்கே நிக்க மாட்டேன். மில்லுக்கு மட்டும் வேண்டாம்னு எழுதிரு." அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சரி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்படித்தான், பேசாமல் எழுந்து போனால் சரி என்று அர்த்தம்.

நான் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று தெரியுமா? அதற்கப்புறம் பிள்ளையின் முகமே மாறிவிட்டது. அதற்கு முன்பு நாலு மாதமாகப் போனையே பார்த்துக்கொண்டு, சாப்பிடாமல், எதற்கெடுத்தாலும் கண் கலங்கிக்கொண்டு இருந்தவள். இப்போது காலை எட்டு மணிக்கெல்லாம் குளித்து, தலைபின்னி, நூலகத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். பின்தெரு வழியாகத்தான். நான் சொன்னதை மறக்கவே இல்லை. செண்பகம் தூக்குச்சட்டியில் மதியச் சாப்பாடுகூடக் கட்டிக் கொடுக்கிறாள். மாலை ஆறரைக்குத்தான் திரும்புகிறாள். அவ்வளவு படிப்பு. வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை என்று யாரோ சொன்னார்கள். இவள் வெள்ளிக்கிழமையும் போகிறாள். ஆர்வம் உள்ளவர்களுக்குத் திறந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

ஒரு வேடிக்கை. திரும்பி வரும்போது தலைமுடியிலும் துப்பட்டாவிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். என்ன இது என்று கேட்டேன். நூலகத்துக்குப் பின்னால் இலவ மரம் இருக்கிறதாம், காய் வெடித்துப் பறக்கிறதாம். செண்பகம்தான் சொன்னாள். இலவம் பங்குனியில்தான் வெடிக்கும், அண்ணாச்சி. இந்த வருடம் மார்கழியிலேயே வெடித்துவிட்டது. பருவமெல்லாம் அப்படி மாறிப்போயிருக்கிறது.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்கள்? டீ ஆறுகிறது, குடியுங்கள்.

பிள்ளை இவ்வளவு பொறுமையாகப் படித்துக்கொண்டு காத்திருக்கிறாள், நாம் ஏதாவது செய்ய வேண்டாமா என்று நேற்று தோன்றிற்று. யாரிடமும் சொல்லவில்லை. மதுரையில் ஒரு மீட்டிங் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டேன். தேதியோடு திரும்பிப் போய் அவள் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்!

மணி பத்தாகிவிட்டது. உள்ளே ஆள் வந்திருப்பார்கள், இல்லையா? இந்தாருங்கள், கடிதத்தின் நகல். உலகேஸ்வரி, தகப்பனார் கோமதிநாயகம். சேரும் தேதி என்ன, அது மட்டும் போதும். இன்டர்காமில் கேட்டாலும் சரி.

சொன்னார்களா?

ஒரு மணி நேரம் தேடிவிட்டு இதையா சொல்கிறார்கள்? வாபஸா? யார் வாபஸ் வாங்கினார்கள், கம்பெனியா?

அவளா? அவளேயா? இருக்காது, அண்ணாச்சி. வேறு ஏதாவது உலகேஸ்வரியாக இருக்கும். சென்னையில் எத்தனை உலகேஸ்வரியோ. பிறந்த தேதி கேளுங்கள். 2003, மே பத்தொன்பது.

அதே தேதியா? என்றைக்கு எழுதினாளாம்? நவம்பர் பதினாலு, மாலை நாலு நாற்பத்திரண்டா.

வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குப் பதினெட்டு நிமிடம் முன்னால்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

என்ன, இன்னும் ஏதோ சொன்னார்களா? புதிய குழு ஒன்று சேர்கிறதா? பிப்ரவரி பதினாறு, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. அப்பா வந்திருக்கிறார் என்றதால் சொல்கிறார்கள், விருப்பம் இருந்தால் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், பட்டியல் இன்று இரண்டு மணிக்கு அனுப்புகிறார்கள். அப்படியா?

தேதி வந்துவிட்டது, அண்ணாச்சி. பார்த்தீர்களா? நான் வந்தேன், தேதி வந்துவிட்டது.

இருங்கள், முதலில் அவளைக் கூப்பிடுகிறேன்.

"ஈஸ்வரி, எங்கம்மா இருக்க?"

கேட்கிறதா, அண்ணாச்சி? பின்னால் ஒரு சத்தம். கடகடகட என்று. நூலகத்தில் என்ன மிஷின் ஓடுகிறது?

"வேலையில இருக்கேன்பா. சரக்கு வண்டி நிக்குது, லிஸ்ட் போட்டுட்டிருக்கேன். ஒன்னு பத்துக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும், அப்ப நானே கூப்பிடுறேன்" என்கிறாள். வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து என் போனை அவள் முதலில் வைத்ததே இல்லை.

செண்பகத்தைக் கூப்பிடுகிறேன். நீங்களே கேளுங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் இன்னும் என்னன்னே சொல்லலையே!"

"அவ காலையில கட்டிட்டுப் போறது எஞ்சாப்பாடு. எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்?"

"இத்தனை நாளா ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"உங்ககிட்டச் சொன்னா தென்காசி வண்டி கிளம்புறதுக்குள்ள ஊருக்கே சொல்லிருவீங்க. சரி, மதுரையில மீட்டிங் எப்படி நடக்குது?"

வைத்துவிட்டேன்.

அவள் சேர்ந்து இன்று எழுபத்து மூன்றாவது நாள். இப்போதுதான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இத்தனை நாளும் நான் அவள் தலையிலிருந்து பஞ்சை எடுத்து எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன், அண்ணாச்சி. இந்தக் கையால்.

நீங்கள் சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துவிடுங்கள். அடக்கினால் தும்மல் மாதிரி வருகிறது.

இப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. இரண்டு மணி வரை நேரம் இருக்கிறது. நான் யோசிக்கிறேன், 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று நானே உள்ளே சொல்லிவிட்டால் என்ன? என் மகள்தானே? கடிதமும் என் கையில் இருக்கிறது. பிப்ரவரி பதினாறு. பஸ் ஸ்டாண்டில் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம். அந்தோணிசாமி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என்ன சொன்னீர்கள்?

அந்தோணிசாமி வந்து இங்கே வேலை பார்க்கப்போவதில்லை. வாஸ்தவம்தான்.

சரி. ஒன்று பத்து வரை உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? நீங்கள் வண்டிகளைப் பாருங்கள். நான் பேசாமல் இருக்கிறேன். என்னால் முடியும்.

ஒன்று பத்து ஆகிவிட்டது. இன்னும் கூப்பிடவில்லை. ஒன்று பதினொன்று. ஒன்று பன்னிரண்டு. அவளே கூப்பிடுகிறேன் என்றாள், அதனால் நான் கூப்பிடக் கூடாது. வெறும் இரண்டு நிமிடம் காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா? பயணிகள் எப்படி இருக்கிறார்கள்?

வந்துவிட்டது. போன் எடுத்ததுமே காதைத் துளைக்கிற மாதிரி ஒரு சங்கு ஊதுகிறது, கேட்டீர்களா?

"சொல்லும்மா. இல்ல, கோவமில்ல. நான் மெட்ராஸ்ல இருக்கேன். ஆமா, உன் கம்பெனி வாசல்ல. தேதி வாங்க வந்தேன்மா. கெஞ்சலாம் இல்ல, கேட்டேன், அவ்வளவுதான். தந்துட்டாங்க. பிப்ரவரி பதினாறு. ரெண்டு மணிக்குள்ள சொன்னா உன் பேரைச் சேர்ப்பாங்களாம்."

வெளியே வருகிறாள் போலிருக்கிறது. மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

"சொல்லு. கேக்குறேன். இல்ல, குறுக்க பேச மாட்டேன், சொல்லு."

நான்கு நிமிடம் பேசினாள், அண்ணாச்சி. அவள் ஒரே மூச்சில் என்னிடம் இத்தனை நேரம் பேசி நான் கேட்டதில்லை. போன வாரம் ஒரு கப்பல் சரக்கில் எட்டுப் பெட்டியைக் காணவில்லையாம். இரண்டு நாளாக மொத்த மில்லும் தேடியிருக்கிறது. இவள் கம்ப்யூட்டரைப் பார்த்து எந்தக் கொட்டகையில், எந்த வரிசையில் என்று சொல்லியிருக்கிறாள். தங்கப்பழம் சொந்தச் செலவில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாராம். "இங்க எனக்கு வேலை இருக்குப்பா. அங்க எனக்குத் தேதிதான் இருக்கு" என்றாள். அப்புறம், "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

பதிலெல்லாம் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். இன்றைக்கு அதை எடுக்காமல், "சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் விடுறாங்க?" என்று கேட்டேன்.

"நாப்பது."

"அப்ப சாப்பிட்டுட்டு நல்லா யோசிச்சுச் சொல்லு. ரெண்டு மணி வரைக்கும் இருக்கு."

"நவம்பர்லயே யோசிச்சுட்டேன்பா."

"சரி" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே கேட்டீர்கள் அல்லவா, வேறு ஒரு வார்த்தை சொன்னேனா?

உள்ளே சொல்லிவிடுங்கள், அண்ணாச்சி. உலகேஸ்வரி வரவில்லை. காரணம் கேட்கிறார்களா? வேறு இடத்தில் பணியில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். 'இருக்கிறார்' என்றே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். மூன்று தடவை அவர்கள் தேதியை மாற்றினார்கள், ஒரு தடவை நாம் வேண்டாம் என்று சொல்லக் கூடாதா? ஈமெயிலில் சொன்னால் மரியாதையாக இருக்காது, நேரில் ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் நான் இவ்வளவு தூரம் வந்ததே.

என்ன சிரிக்கிறீர்கள்? காலையில் நான் வேறு மாதிரி ஏதாவது சொன்னேனா?

ஐந்து மணிக்கு வண்டி இருக்கிறது, அதைப் பிடித்தால் விடியும்போது வீட்டில் இருப்பேன். சனிக்கிழமை மில்லில் வேலை பார்ப்பவர்களின் வீட்டாருக்கெல்லாம் சாப்பாடு போடுகிறார்களாம். என்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஈஸ்வரி மறுபடி போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். மூன்று நிபந்தனை போட்டிருக்கிறாள். தங்கப்பழத்துக்கு யோசனை சொல்லக் கூடாது. அவளை 'சென்னைக் கம்பெனியையே வேண்டாம் என்றவள்' என்று யாரிடமும் அறிமுகப்படுத்தக் கூடாது. மில்லில் எந்த மிஷினையும் தொடக் கூடாது. மூன்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் ஒன்று, அண்ணாச்சி. ஒன்று பத்துக்கு ஊத வேண்டிய அந்தச் சங்கு ஒன்று பதின்மூன்றுக்கு ஊதியதே, கவனித்தீர்களா? இருநூறு பேர் மூன்று நிமிடம் பசியோடு நிற்கிறார்கள். யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

சொல்ல மாட்டேன். முதல் தடவை போகும்போது சொல்ல மாட்டேன்.